முதல் நாள் கையெழுத்தோடு முடிந்துபோகும் லேப் பாதுகாப்பு: ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளில் என்ன செய்யலாம்?

உப்பளத்து வாத்தியார்:

வேதியியல் சொல்லிக்கொடுப்பவர்கள், படிப்பவர்கள், லேப்பில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி.

புது பிஎஸ்சி பிள்ளைகள் வந்ததும் முதல் பிராக்டிக்கல் வகுப்பில் ஒரு தாள் கொடுக்கிறோம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து. பாதுகாப்புப் பாடம் அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

என் சண்டை பிள்ளைகளோடு இல்லை, அந்தத் தாளோடு. அது வேறு எந்த ஊர் லேப்புக்கோ எழுதியது. "கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு" என்கிறது. எங்கள் பக்கம் மதியம் குழாயைத் திறந்தால் பல நாள் காற்றுதான் வரும். "நச்சுவாயு வரும் சோதனையை ஃபியூம் கப்போர்டில் செய்" என்கிறது. வாயுவை விசிறியால் வெளியே இழுக்கும் அந்தக் கப்போர்டு இருக்கிறது. அதன் விசிறி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிப்போய், உள்ளே பழைய ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். "அறை வெப்பநிலையில் வை" என்று ஈதர் பாட்டிலில் எழுதியிருக்கிறது. ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் நம் ஸ்டோர் ரூமில் அறை வெப்பநிலை என்றால் ஈதர் கொதிக்கும் வெப்பநிலை என்று பொருள்.

அதனால் நான் யோசிப்பது இது. ஒவ்வொரு பிராக்டிக்கல் வகுப்பிலும் பர்னர் பற்றவைப்பதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் நாலு விஷயத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும்: தண்ணீர் வருகிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கரண்ட் இருக்கிறதா, இரண்டு கதவும் திறந்திருக்கிறதா. அதைப் பொறுத்து அன்றைக்கு எந்தச் சோதனை, எது வேண்டாம் என்று வகுப்பே முடிவு செய்யட்டும். பாதுகாப்பு என்று தனியாக ஒரு வகுப்பு எதற்கு? இதையே பாடமாக்கலாமே.

உங்கள் பக்கம் எப்படி?

வைகைக்கரை:

சார், மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நானும் பரமக்குடிப் பக்கம் வேதியியல்தான் எடுக்கிறேன்.

அமிலத்துக்கு ஊர் தெரியாது. கண்ணுக்கு 15 நிமிடம் தண்ணீர் வேண்டும் என்றால் வேண்டும்தான். தண்ணீர் இல்லையா, லேப்பைப் பூட்டிச் சாவியை முதல்வர் மேசையில் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "தண்ணீர் வருகிறதா பார்" என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், நிர்வாகம் செய்ய வேண்டியதை அந்தப் பிள்ளை தலையில் கட்டுகிறோம். நாளைக்கு ஏதாவது ஆனால், "பலகையில் தண்ணீர் வருகிறது என்று எழுதியது அவன்தானே" என்பார்கள். இது நடக்காது என்று உங்களால் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. இப்படி ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அப்புறம் எல்லாமே சமாளிப்புதான். "நம்ம ஊருக்கு இது போதும்" என்ற ஒரு சொல்லில்தான் இந்த மாவட்டமே பின்தங்கிக் கிடக்கிறது.

உப்பளத்து வாத்தியார்:

மேடம், பூட்டச் சொல்வது சரி. யார் பூட்டுவார்கள்? தண்ணீர் இல்லை என்று தெரிந்தால்தானே பூட்ட முடியும். இப்போது அதை யாரும் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் புகார். பொறுப்பு ஆசிரியருடையதுதான், பலகைக்குக் கீழே கையெழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும். ஆனால் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. கண் கழுவும் கருவிக்கு அமெரிக்கத் தரநிலை ஒன்று உண்டு. நிமிடத்துக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர், 15 நிமிடம் என்கிறது. மொத்தம் 23 லிட்டருக்குள். கடையில் வாங்கும் 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்றேகால்! உடம்பு முழுக்க நனைக்கும் ஷவர் கதை வேறு. அதற்கு நிமிடத்துக்கு 75 லிட்டருக்கு மேல், 15 நிமிடத்துக்கு ஆயிரத்து நூறு லிட்டரைத் தாண்டும். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்திருந்தாலும் பற்றாது.

ஆக, கண்ணுக்குத் தேவையான தண்ணீரை எவ்வளவு வறட்சியிலும் நம்மால் தயாராக வைக்க முடியும். உடம்புக்கான தண்ணீருக்கு நிர்வாகத்தோடு சண்டை போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் "தண்ணி இல்லாத ஊரு, என்ன பண்றது" என்று இரண்டையும் ஒன்றாகக் கைவிட்டிருக்கிறோம்.

பழைய அட்டெண்டர்:

வணக்கம் சார். நான் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரிப் பெயர் வேண்டாம்.

தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எப்படி வருகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கண் கழுவும் குழாயை ரொம்ப நாள் திறக்காமல் விட்டுவிட்டுத் திறந்தால் முதலில் வருவது செங்கல் நிறத்தில் துருத் தண்ணீர். அதைக் கண்ணில் அடித்தால் அமிலத்தோடு துருவும் சேரும். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை, நிறம் தெளியும் வரை திறந்து விட வேண்டும். குழாயின் கைப்பிடியையும் திருப்பிப் பாருங்கள். கடலோரத்தில் இரும்புக் கைப்பிடி ஒரே மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் பெண்பிள்ளை கையால் திருப்பினால் அசையாது. ஆண்பிள்ளை திருப்பினாலும் அசையாது, அது வேறு.

அப்புறம் சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதைக் கண்ணில் விட முடியுமா? அதற்குத்தான் நிழலில் வைத்த கேன். நாங்கள் இரண்டு கேனை மேசைக்கு மேலே ஸ்டாண்டில் வைத்து, அடியில் குழாய் மாட்டி, ரப்பர் டியூப் போட்டு வைத்திருந்தோம். தண்ணீர் மெதுவாக விழும், கண்ணை உறுத்தாது. ஆனால் கேனில் பாசி பிடிக்கும், தேதி எழுதி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற ஆள் இல்லை என்றால் வைக்காதீர்கள்.

தீயணைப்பு சிலிண்டரையும் பலகையில் சேருங்கள். முள் பச்சையில் நிற்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். இழுத்துக் கழற்ற வேண்டிய பூட்டு ஊசி துருப்பிடித்துக் கழன்று வராமல் போவதை யாரும் பார்ப்பதில்லை.

வைகைக்கரை:

அண்ணே, நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். "மாற்ற ஆள் இல்லை என்றால் வைக்காதீர்கள்." ஆள் போட வேண்டியது யார்? நிறையக் கல்லூரிகளில் உங்களைப் போன்றவர்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பவே இல்லை.

கத்தார் கீழக்கரையான்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வேதியியல் முடித்துவிட்டு வளைகுடாவில் எரிவாயு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாத்தியார் சொல்லும் அந்தப் பலகை இங்கே தினமும் நடப்பதுதான். காலையில் வேலை தொடங்கும் முன் ஃபோர்மேன் எல்லோரையும் நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுவார். டூல்பாக்ஸ் டாக் என்போம். இன்றைக்கு என்ன வேலை, எதில் அடிபடலாம், காற்று எந்தப் பக்கம், அலாரம் அடித்தால் எங்கே கூட வேண்டும். முப்பது வருட அனுபவம் உள்ளவரும் நிற்க வேண்டும், நேற்று வந்தவரும் நிற்க வேண்டும். பொறுப்பை அவர்கள் தலையில் கட்டவா இது? கேட்டவனுக்கு அன்றைக்குக் கண் திறந்திருக்கும், அதற்குத்தான். வைகைக்கரை மேடம் கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

நான் சொல்ல வந்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றி. கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வில் இரண்டாம் தொகுதி உலோகங்களைக் கண்டுபிடிக்க, இந்த வாயுவை உண்டாக்கும் கிப் கருவியிலிருந்து வாயு விடும்போது "அழுகிய முட்டை நாற்றம்" என்று எழுதி மார்க் வாங்கினோம். அந்த நாற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் இருந்தால் நாறும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசம் போயிடுச்சு, இனி பயமில்லை" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இங்கே ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சிறு மானிட்டர் மாட்டியிருக்கும், 10 பிபிஎம்மிலேயே கத்த ஆரம்பித்துவிடும். மூக்கை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் அது.

இரண்டாவது, விழுந்தவனைத் தூக்க ஓடாதே. கேட்கக் கல் நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் ஒருவனைத் தூக்கப் போய் மூன்று பேர் விழுந்த கதைகள் இந்தத் தொழிலில் சாதாரணம்.

மூன்றாவது செலவில்லாதது. இங்கே எல்லா இடத்திலும் காற்றுப் பை கட்டியிருப்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க. லேப் ஜன்னல் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். போதும்.

பாம்பன் மூணாம்வருசம்:

பாய், ரிப்பன் யோசனை சூப்பர். நான் பிஎஸ்சி மூன்றாம் ஆண்டு. அப்பா கடல் தொழில்.

கச்சான் காற்று காலத்தில் எங்கள் லேப்பில் காற்று மேற்கு ஜன்னல் வழியாக வந்து கிழக்கு மேசைக்குப் போகும். கிப் கருவி மேற்கு மூலையில் இருக்கிறது. கிழக்கு மேசையில் நிற்கும் நாங்கள்தான் அந்தக் காலம் பூராவும் தலைவலி என்று சொல்வோம். வாடைக்காற்று வந்தால் அப்படியே திரும்பிவிடும், அப்போது வேறு பேட்ச் தலைவலி என்று சொல்லும். கருவியை சீசனுக்கு ஏற்ற மாதிரி இடம் மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடக் காற்றுத் திசை தெரியும் சார். லேப்புக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறோம், ஏனென்றால் அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை.

பாய் சொன்ன அந்த வாயு படகிலும் இருக்கிறது. கழிவு மீன் அள்ளிப்போட்டு மூடி வைத்த கிடங்கில் நாள் பட்டால் அழுகி அதே வாயு வரும், பிராணவாயுவும் குறைந்துவிடும். திறந்த உடனே இறங்காதே, காற்றாட விடு என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும் என்று புத்தகத்தில் படித்தபோது, ஓ அதனால்தானா என்று இருந்தது.

ஐஸ் கம்பெனியிலும் இப்படித்தான். அங்கே குளிரூட்ட அம்மோனியா ஓடுகிறது. கசிந்தால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்று வரும் பக்கமாக விலகிப் போ என்பார்கள். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதை அங்கே வேலை பார்க்கும் அண்ணன்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

உப்பளத்து வாத்தியார்:

தம்பி, நீ எழுதியதுதான் நான் சொல்ல வந்தது, என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஈரத்துணி அம்மோனியாவுக்குக் கொஞ்சம் உதவும், வெளியே ஓடுகிற அந்த ஒரு நிமிடத்துக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அதை நம்பி உள்ளே போகக் கூடாது.

ஐஸ் கம்பெனி என்றதும் இன்னொன்று. அடர் அம்மோனியா பாட்டிலை நம் வெயிலில் அப்படியே திறந்தால் உள்ளே சேர்ந்த அழுத்தத்தில் முகத்தில் பீறிடும். பனிக்கட்டியில் வைத்துக் குளிரவிட்டுத் திறக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் உள்ள விதி. மற்ற ஊரில் பனிக்கட்டிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நமக்கு மீன்பிடி இறங்குதளத்துப் பக்கம் போனால் ஒரு பாளம் வாங்கலாம். வசதி இல்லை, வசதி இல்லை என்றே பேசுகிறோம், இருக்கிற வசதியையும் எண்ண வேண்டும்.

இரண்டாம் தொகுதிக்கு வாயுவே வேண்டாம், தயோஅசெட்டமைடு போட்டுச் சூடாக்கலாம் என்று சிலர் மாறிவிட்டார்கள். கரைசலுக்குள்ளேயே தேவைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும், அறை முழுக்கப் பரவாது. நல்லதுதான். ஆனால் அந்தப் பொருளே புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. எடுத்து ஊற்றும்போது கையுறை வேண்டும்.

தொண்டி டீச்சர்:

எல்லோரும் காற்று, தண்ணீர் என்று பேசுகிறீர்கள். உடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அபாயா, மீதிப் பேர் துப்பட்டா. "துப்பட்டாவைக் கழற்று, அபாயா கூடாது" என்று கத்துகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து பர்னர் பக்கம் வராமல் பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொள்ளும். என்னிடம் யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. தலைத்துணி நுனியையும் துப்பட்டாவையும் கோட்டுக்கு உள்ளே விட்டுப் பொத்தான் போட வேண்டும், அகலமான கை என்றால் மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. பின்னலும் மல்லிகைச் சரமும் கோட்டுக்கு உள்ளே. செருப்பு மட்டும் கூடாது, மூடிய காலணி.

சிக்கல் எங்கே என்றால் கோட்டில். கடையில் மலிவாகக் கிடைப்பது டெரிகாட்டன், பாலியஸ்டர் கலந்த துணி. நான் முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவர் கோட்டின் உள்மடிப்பிலிருந்தும் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சுடரில் காட்டச் சொல்வேன். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் நூல் சுருண்டு, உருகி, நுனியில் ஒரு கறுப்பு மணியாக உறைந்து நிற்கும். ஆறிய பிறகு அதை நகத்தால் தட்டிப் பார்க்கச் சொல்வேன். கல் போல் இருக்கும். "இது உன் கைமேல் உருகினால்?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடுத்த வாரம் பாதிப் பேர் காடாத் துணி எடுத்துத் தையற்காரரிடம் தைத்துப் போட்டு வந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷெரி சாங்ஜி கதையைச் சொல்வேன். 2008 டிசம்பர் 29, லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம். 23 வயதுப் பெண். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. செயற்கை இழை ஸ்வெட்டர், மேலே லேப் கோட் இல்லை. 2009 ஜனவரி 16 அன்று இறந்துபோனார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம், எல்லா வசதியும் உள்ள லேப். வசதி மட்டும் காப்பாற்றாது என்பதற்கு வைகைக்கரை மேடத்துக்கும் இது ஒரு பதில்.

வைகைக்கரை:

டீச்சர், நூல் எரிக்கும் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து நான் எடுப்பது வேறு. அந்த விபத்துக்காக அங்கே பல்கலைக்கழகத்தின் மேலும் பேராசிரியரின் மேலும் வழக்குப் போட்டார்கள். "பிள்ளை கோட்டுப் போடவில்லை" என்று முடித்துவிடவில்லை. நம் ஊரில் முடித்துவிடுவோம்.

மூணாம்வருசம் தம்பி, உனக்கு ஒரு கேள்வி. வாயால் பிப்பெட் உறிஞ்சுவது தப்பு என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் செய்கிறீர்கள்?

பாம்பன் மூணாம்வருசம்:

மேடம், வாய்க்குப் பதில் பிப்பெட்டில் மாட்டி உறிஞ்சும் ரப்பர் பல்ப் முப்பது பேருக்கு மூன்றுதான். அதிலும் இரண்டு ரப்பர் வெடித்துப் பிசுபிசுவென்று ஒட்டும். டைட்ரேஷன் மூன்று மணி நேரத்தில் முடிக்கணும், வரிசையில் நின்றால் முடியாது. பரீட்சையில் வெளித்தேர்வாளரே வாயில்தான் எடுத்துக் காட்டினார்.

சாயல்குடி ரசாயனம்:

நானும் மாணவிதான், இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தம்பி சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஃபைன்.

எங்கள் கல்லூரியில் டெஸ்ட் டியூப் உடைந்தால்கூட நோட்டில் எழுதி வருடக் கடைசியில் காசு வாங்குவார்கள். பியூரெட் என்றால் வீட்டில் கேட்கவே பயம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர், ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் என்ன நடக்கும் தெரியுமா? கண்ணாடி நழுவினால் எல்லோரும் விலகாமல் கையை நீட்டிப் பிடிக்கிறோம். உடைந்தால் துண்டுகளைக் கையால் பொறுக்கி கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். கை கிழிந்தால் ஸிங்க்கில் கழுவிவிட்டுச் சும்மா இருக்கிறோம், சொன்னால் எப்படி உடைந்தது என்று வரும். விரிசல் விட்ட பீக்கரைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறோம், அடுத்த பேட்ச் அதில் சூடாக்கட்டும் என்று.

கண்ணாடி போடச் சொல்கிறார்கள். பர்னர் எரிவதால் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். கோட்டு, கண்ணாடி, மதியம் இரண்டு மணி. கண்ணாடிக்குள் வியர்வை ஆவி மூடி, பியூரெட் ரீடிங்கே தெரியாது. கழற்றித் தலையில் மாட்டிக்கொள்வோம், சார் வந்தால் இறக்குவோம். பிராக்டிக்கலைக் காலையில் வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

உப்பளத்து வாத்தியார்:

அம்மா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உன்னுடையது. நாங்கள் வருடக்கணக்கில் விதி போட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த விதியை மீறச் சொல்லிக் காசும் நாங்களே வாங்குகிறோம்.

இதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை. உடைந்ததை உடனே சொன்னால் ஃபைன் இல்லை, மறைத்தால் ஃபைன் என்று துறைத்தலைவரே திருப்பிப் போட முடியும். கூடவே ஒரு நோட்டு வைக்கலாம்: "தப்பித்தோம்" நோட்டு. பெயர் எழுத வேண்டாம், மார்க் குறையாது. என்ன நழுவியது, எது பொங்கியது, யார் நாற்றத்தில் தலை சுற்றி உட்கார்ந்தார்கள் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் அதை வாசித்தால் நம் லேப்பில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பிப்பெட்டுக்கு வழி இருக்கிறது. 50 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சும் இரண்டு விரற்கடை சிலிகோன் டியூபும் போதும். கால்நடை மருந்துக் கடையில் கேட்டால் அந்த அளவு சிரிஞ்ச் கிடைக்கும். 20 மில்லி பிப்பெட்டுக்கு 20 மில்லி சிரிஞ்ச் பற்றாது. தண்டில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும், அதனால்தான் பெரியது. சிரிஞ்சால் பிப்பெட்டின் அளவுக்கோட்டுக்கு மேலே ஏற்றி, டியூபைக் கழற்றி விரலை வைத்து இறக்க வேண்டியதுதான், பழைய கைப்பழக்கம் மாறாது.

பழைய அட்டெண்டர்:

சோடியம் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். என் கண் முன்னால் அதிகம் பேர் அலறியது அதில்தான்.

கரிமப் பகுப்பாய்வில் சோடியம் உருக்குச் சோதனை. சோடியம் போட்ட ஃபியூஷன் டியூபைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் முக்குவார்கள். மிளகு அளவு சோடியம் என்றால் பிரச்சினை இல்லை. ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று சுண்டைக்காய் அளவு போடுவான் ஒருத்தன். வினைபுரியாமல் மிச்சமிருக்கும் சோடியம் தண்ணீரில் பட்டதும் வெடித்துச் சிதறும். பீங்கான் கிண்ணத்தை உடனே கம்பி வலையால் மூட வேண்டும், முகத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. வெட்டி மிஞ்சிய துணுக்கை ஸிங்க்கில் போடுவது இன்னொரு வேலை. அதை ஸ்பிரிட்டில் போட்டு மெதுவாகக் கரைய விட வேண்டும், பக்கத்தில் பர்னர் இல்லாமல்.

மணல் வாளியைப் பற்றி. நம் பக்கம் எல்லா லேப்பிலும் கடற்கரை மணலைத்தான் அள்ளிக் கொட்டி வைத்திருக்கிறார்கள், இலவசம் என்பதால். அதில் உப்பு இருக்கிறது, அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாளிக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடியில் குளிர்ச்சியாகப் பிடிபடும். சோடியம் எரியும்போது ஈர மணலைப் போட்டால் அணைக்காது, தூண்டிவிடும். ஆற்று மணலை அலசி, வெறும் சட்டியில் வறுத்து, மூடி உள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும்.

தொண்டி டீச்சர்:

அண்ணே, வாளி மேட்டரை நாளைக்கே பார்க்கிறேன். சிவப்புப் பெயிண்ட் அடித்து, கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது வரிசையாக மாட்டியதோடு சரி, உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்த ஞாபகம் இல்லை. குழுவும் பார்க்கவில்லை.

கந்தக அமிலம் தோலில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் என்று பழைய கையேட்டில் இருக்கிறது. எதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

கத்தார் கீழக்கரையான்:

துணி தேடும் நேரத்தில் தோல் போய்விடும் டீச்சர். உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர், உடுப்பில் பட்டிருந்தால் கழற்றிக்கொண்டே. தண்ணீர் குறைவாக இருந்தால்தான் சூடு தங்கும், தாராளமாக ஊற்றினால் சூட்டையும் அதுவே எடுத்துப்போகும். சோடா உப்புக் கரைசலைத் தோலில் போட்டு நடுநிலையாக்குகிறேன் என்றும் நேரம் போக்கக் கூடாது. அது மேசையில் சிந்தியதற்கு. 108-ஐக் கூப்பிடுவதும் கழுவுவதும் ஒரே நேரத்தில், இரண்டு ஆள் வேலை. ராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் கடலோர ஊரிலிருந்து வண்டி போய்ச் சேரும் வரை கையில் இருப்பது தண்ணீர்தான்.

வைகைக்கரை:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பலகை வைக்கலாம். ஆனால் அதில் "இல்லை" என்று எழுதப்படும் ஒவ்வொன்றும் அன்றே எழுத்தில் முதல்வருக்குப் போக வேண்டும், நகல் துறையில் இருக்க வேண்டும். பிள்ளை கண்டுபிடிக்கட்டும், ஆசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அப்படி என்றால் எனக்குச் சம்மதம். வெறும் பலகை மட்டும் என்றால் பழைய கருத்துதான்.

பாம்பன் மூணாம்வருசம்:

ஒரு சந்தேகம். குளோரைடுக்குக் குரோமைல் குளோரைடு சோதனை செய்கிறோமே, டைகுரோமேட் மிச்சத்தை எல்லாம் ஸிங்க்கில்தான் ஊற்றுகிறோம். எங்கள் ஸிங்க் பைப் காம்பவுண்டு சுவருக்கு வெளியே மணலில்தான் விழுகிறது. அந்தப் பக்கம் ஆடு மேயும். அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம்.

உப்பளத்து வாத்தியார்:

அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. ஒரு துளிகூட மணலுக்குப் போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். அமிலத் தன்மையிலேயே இருக்க, ஃபெரஸ் சல்ஃபேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சை தட்டும். அது மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பிறகு சுண்ணாம்புக் கரைசல் விட்டு பிஹெச் 8, 9 பக்கம் கொண்டுவந்தால் இரும்பும் குரோமியமும் சேறாகப் படியும். தெளிவை வடித்துவிட்டு, சேற்றை உலர்த்தி மூடி, அனுமதி பெற்ற கழிவு நிறுவனம் எடுக்கும் வரை பூட்டி வைக்க வேண்டும். இதையே ஒரு பிராக்டிக்கலாகச் செய்யலாம், ஆக்சிஜனேற்றம் ஒடுக்கம் பாடமும் முடிந்துவிடும். அந்தச் சோதனையையே பாடத்திட்டத்திலிருந்து எடுக்கலாம் என்பதும் என் கட்சி. குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட் போதாதா?

தொண்டி டீச்சர்:

பாடத்திட்டத்தில் கை வைக்கப் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் வரை போக வேண்டும் சார். அதுவரை கேன்தான். கேனில் ஒட்டும் லேபிள் எங்களுக்கு ஒரு மாதத்தில் உரிந்து, மை அழிந்து, உள்ளே என்ன என்றே தெரியாமல் போகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பழைய அட்டெண்டர்:

பேனாவில் எழுதாதீர்கள் டீச்சர். பென்சிலில் அழுத்தி எழுதி, மேலே அகலமான செல்லோடேப் சுற்றிக் கேனை ஒரு முழு வட்டம் கட்டிவிடுங்கள், ஓரம் தூக்காது. பொருளின் பெயர், திறந்த தேதி, யார் ஊற்றியது. ஈதர் பாட்டிலுக்கும் அப்படியே, திறந்த தேதி கட்டாயம். பழசானால் உள்ளே வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் திறக்கவே வேண்டாம், அசைக்காமல் வைத்துவிட்டுத் துறைத்தலைவரைக் கூப்பிடுங்கள்.